கிண்ணத்தில் எடுத்து வைத்த இரண்டு கரண்டி பொரியல்

கேள்வி: எனக்கு வயது 43. திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை. வீட்டில் கணவர், பத்தாவதும் ஏழாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், மாமியார். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 112, ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1 என்று வந்தது. "சர்க்கரை இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது, கட்டுப்பாடாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சர்க்கரையால் என் அப்பாவுக்குக் கால் விரலை எடுத்தார்கள். அதனால் பயந்துபோய் ஒரு நோட்டில் எழுதினேன்: காலை நாலரைக்கு எழுவது, முக்கால் மணி நேர நடை, யோகா, வெந்நீரில் எலுமிச்சை, சிறுதானியம், இரவில் சோறு கிடையாது, செல்போன் கிடையாது, தினமும் டைரி. பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் மகனுக்குக் காய்ச்சல், எல்லாம் நின்றுபோனது. மூன்று வருடமாக இதே கதைதான். வாங்கிய ட்ரெட்மில்லில் துணி காய்கிறது. ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இரவு படுக்கப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. எனக்கு மன உறுதியே இல்லையா டாக்டர்? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரி,

இருபத்தேழு வருடமாக மயிலாடுதுறையில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் நோட்டைப் போல நூறு நோட்டாவது என் மேஜைக்கு வந்திருக்கும். எழுதியவர்கள் யாருக்கும் மன உறுதி குறைவில்லை. ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்குச் சமைத்துவிட்டு, நாற்பது பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்க நின்றுவிட்டு, இரவு பதினொன்றரை வரை விடைத்தாள் திருத்துகிறவரிடம் போய் உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? தவறு நோட்டில்தான் இருக்கிறது. எட்டு புதுப் பழக்கங்களை ஒரே நாளில் ஏற்றினீர்கள். எட்டுக்கும் தனியாக நேரம் வேண்டும், அந்த நேரம் முழுவதையும் உங்கள் தூக்கத்திலிருந்துதான் எடுத்திருக்கிறீர்கள்.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடுவோம். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அதைச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறோம். நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நம் நாட்டில் இந்த நிலையில் இருப்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இங்கிருந்து திரும்ப முடியும் என்பதை நம் சென்னையிலேயே நிரூபித்திருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இந்த நிலையில் இருந்த 531 பேரைப் பிரித்து ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல விட்டவர்களில் மூன்று வருடத்தில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் சற்று மாற்றிக்கொண்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. அந்த ஆய்வில் நாலரைக்கு எழச் சொல்லவில்லை, எலுமிச்சையும் இல்லை. தினம் அரை மணி நேர நடை, இனிப்பிலும் மாவுச்சத்திலும் எண்ணெயிலும் குறைப்பு, அவ்வளவுதான். ஏற்கெனவே உடலால் உழைப்பவர்களை, செய்வதையே தொடருங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில்: எதிலிருந்து தொடங்குவது என்றால், நாலரை மணி அலாரத்தை நிறுத்துவதிலிருந்து.

சொல்லும்போதே மாமியார் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அதிகாலையில் எழுவது நல்லதுதான், ஒன்பதரைக்குப் படுக்கிறவர்களுக்கு. பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்தான் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசி அதிகமாகும், மாலையில் கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். தூக்கத்தை விற்று நடையை வாங்கினால் சர்க்கரைக் கணக்கில் லாபம் ஒன்றும் நிற்காது. அதனால் இப்போதைக்கு வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள்.

நடை எப்போது என்கிறீர்களா? எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டை முடித்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மயூரநாதர் கோயிலுக்கு அர்த்தஜாமம் பார்க்கப் புறப்படுவார். போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம். இருபது வருடப் பழக்கம். சர்க்கரைக்கு ஒரே ஒரு மாத்திரைதான், அதிலேயே கட்டுக்குள் இருந்தது. ஒரு தடவை மகனோடு இருக்க வெளியூர் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பினார். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்த சர்க்கரை எகிறியிருந்தது. மாத்திரை அதேதான், மருமகள் சமையலும் பத்தியமாகவே இருந்ததாம். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "அங்க சாப்பிட்டா டி.வி.தாம்மா. கோயில் தூரம்." நான் மாத்திரையைக் கூட்டவில்லை. ஒரு மாதம் பார்ப்போம், பழையபடி கோயிலுக்குப் போங்கள் என்று அனுப்பினேன். இறங்கிவிட்டது. அவர் அதை உடற்பயிற்சி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் மழை நாளில் நிறுத்தியிருப்பார். சுவாமி பார்க்கப் போகிறவர் குடையை எடுத்துக்கொண்டு போவார்.

சாப்பிட்ட பிறகு நடக்கும் நடைக்குத் தனி பலன் உண்டு. உண்டது சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கும் நேரத்தில் தொடையும் கெண்டைச் சதையும் வேலை செய்தால், இன்சுலினை எதிர்பார்க்காமலே அவை அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை இழுத்துக்கொள்கின்றன. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்துப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நாளில் ஏதோ ஒரு நேரம் முப்பது நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடமாக நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம்.

உங்களுக்கு மதியம் பள்ளியில் இடைவேளை இருக்கிறது. டிபன் பாக்ஸை மூடியதும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்காமல் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மணி அடிக்கும்வரை நடங்கள். கூட ஓர் ஆசிரியை வந்தால் பேச்சும் ஆச்சு. இரவில் மொட்டை மாடி, இல்லையென்றால் தெருமுனை. மகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவள் அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்வாள். பாத்திரம் அதுவரை ஊறட்டும். காலை நேரத்தில் உங்களால் முடியாது, விட்டுவிடுங்கள். இரண்டு பத்து நிமிடங்கள் போதும். பழகிய பின் பதினைந்தாக நீளும், அப்போது வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கையே தாண்டிவிடுவீர்கள்.

இனி, உங்கள் நோட்டில் இல்லாத ஒன்று. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது நீங்கள்தானே? கடிதத்தில் எழுதவில்லை, ஆனாலும் அப்படித்தான் இருக்கும். நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பார்த்தால் பொரியல் சட்டியில் தேங்காய்த் துருவல் நாலு ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்டு கரண்டியளவு. பருப்பு தெளிந்து தண்ணீராக நிற்கும். சோறு மட்டும் நிறைய. அதை வீணாக்க மனம் வராமல், மிஞ்சிய குழம்பை ஊற்றி, ஊறுகாயைத் தொட்டு ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "நான் என்ன பெருசா சாப்பிட்டுட்டேன்" என்போம். சர்க்கரை அளவு கூடிய பெண்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சமைத்ததைச் சொல்வார்கள். தட்டில் விழுந்தது என்ன என்று கேட்டால்தான் உண்மை வரும். காய் எல்லாம் மற்றவர்களுக்குப் போயிருக்கும்.

எனவே ஒரு சிறு வேலை. பொரியலை அடுப்பிலிருந்து இறக்கியதும், பரிமாறுவதற்கு முன்னால், ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி உங்களுக்கென்று எடுத்து மூடி வையுங்கள். கூட்டிலும் பருப்பிலும் அப்படியே. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் அதிலும் ஒன்று. சாப்பிட உட்காரும்போது முதலில் அந்தக் கிண்ணம், பிறகு சோறு. காயும் பருப்பும் முதலில் உள்ளே போனால் பின்னால் வரும் சோறு மெதுவாகத்தான் சர்க்கரையாகும், வயிறும் சீக்கிரம் நிறையும். சோற்றை விடவே வேண்டாம், தானாகவே ஒரு கரண்டி குறையும். பள்ளிக்குக் கட்டும் டப்பாவிலும் இதே கணக்கு: சின்ன டப்பாவில் சோறு, பெரிய டப்பாவில் காய்.

முதல் வாரம் இதைச் செய்யச் சங்கடமாக இருக்கும். பிள்ளைக்குப் பத்தாமல் போகுமோ என்று கை தயங்கும். அப்படித் தோன்றினால் அன்றைக்குக் கால் கிலோ பீன்ஸ் கூட நறுக்குங்கள், உங்கள் கிண்ணத்தை மட்டும் தொடாதீர்கள். இது சுயநலம் என்று யாராவது சொன்னால், உங்கள் அப்பாவின் காலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலை உங்களுக்கு வந்தால் இந்தப் பிள்ளைகள்தான் கட்டு மாற்ற வேண்டியிருக்கும்.

சிறுதானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாமையும் வரகும் நல்ல உணவு, நார்ச்சத்து அதிகம். ஆனால் தட்டு நிறையச் சாமைச் சோறு சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். அளவு குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றிவிட்டு, ஏன் சர்க்கரை இறங்கவில்லை என்று கேட்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாறுவதும் அப்படியே. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வேறுபாடு இல்லை.

டீக்கு வருவோம். நான்கு டீ, இரண்டிரண்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் ஐந்து கிராம் என்று வைத்தால் நாளைக்கு 40 கிராம். டீயில் மட்டும் வருடத்துக்குப் பதினான்கரைக் கிலோ ஆகிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாளையிலிருந்து சர்க்கரையே இல்லாத டீ என்று சபதம் எடுக்க வேண்டாம், நான்காம் நாள் உடையும். நான் விட்டது எப்படி என்று சொல்கிறேன். எனக்கும் இரண்டு ஸ்பூன் பழக்கம், அதுவும் குவியலாக. முதல் இரண்டு வாரம் குவியலை விரலால் வழித்துத் தட்டையாக்கினேன், வேறு எதையும் மாற்றவில்லை. அடுத்த இரண்டு வாரம் ஒன்றரை. பிறகு ஒன்று. அரை ஸ்பூனுக்கு வந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த காபியைக் குடிக்க முடியவில்லை. பாயசம் போல இருந்தது. நாக்கு மெதுவாக மாறும், மாறிய பின் அதுவே பழையதை வேண்டாம் என்று சொல்லும். பள்ளியில் டீ கொண்டுவரும் அம்மாவிடம், "எனக்கு மட்டும் தனியா, சர்க்கரை கம்மியா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். சொல்வதற்குத்தான் கூச்சப்படுகிறோம்.

உப்பையும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதி எழுதுங்கள். ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது கணக்கு, ஐந்து பேருக்கு 25 கிராம். அதாவது நாற்பது நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கடையில் வாங்கும் மிக்சரில் இருக்கும் உப்பு இதில் சேராது, ஆகவே இன்னும் அதிக நாள் வந்தால் நல்லது. இருபத்தைந்து நாளில் தீர்ந்துபோனால் உங்கள் மாமியாரின் ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தண்ணீர், பல் துலக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒன்று மட்டும்: கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பள்ளியில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகள் நிறையப் பேர். நீர்க்கடுப்போடு என்னிடம் வருபவர்களில் அவர்கள் ஒரு தனி வரிசை. நீங்கள் அந்த வரிசையில் இருக்க வேண்டாம். இரவு பல் துலக்குவதைச் சாப்பாட்டுக்குப் பின்னால் உடனே வைத்துக்கொண்டால், பத்து மணிக்கு வாயில் எதையாவது போடும் பழக்கமும் நிற்கும்.

தூக்கத்துக்கு ஒரே ஓர் ஏற்பாடு. செல்போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கழற்றிக் கூடத்தில் செருகுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் போதும். விடைத்தாளைப் பத்தரைக்கு மூடுங்கள், மிச்சத்தை மறுநாள் ஓய்வு வகுப்பில் பார்க்கலாம். செல்போனைத் தொடக்கூடாது என்று மனதோடு சண்டை போடுவதைவிட, அது எட்டு அடி தள்ளி இருப்பது சுலபம்.

இதையெல்லாம் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள், அப்புறம் இதுவும் இன்னொரு நோட்டாகிவிடும். முதலில் கிண்ணம். இரண்டு மூன்று வாரத்தில் கை தானாக அந்தக் கிண்ணத்தை எடுக்க ஆரம்பித்ததும் இரவு நடை. பிறகு டீ. டைரி வேண்டாம். உங்களுக்கு எழுத்து வேலை ஏற்கெனவே போதும்.

இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எங்கோ படித்திருப்பீர்கள். அதை நம்பி இருபத்திரண்டாம் நாள் தன்னையே திட்டிக்கொள்பவர்கள் அதிகம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஆராய்ந்தபோது, ஒரு சிறு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக எடுத்தது சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. வரிசைப்படுத்திப் பார்த்தால் நடுவில் இருப்பவருக்கு 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மகனுக்குக் காய்ச்சல் வந்த அன்று நீங்கள் நடக்காதது சரிதான். பதின்மூன்றாம் நாள் திரும்பப் பிடித்திருந்தால் போதும், ஆனால் நாலரை மணிப் பட்டியல் அவ்வளவு கனமாக இருந்ததால் மறுபடி தூக்க மனம் வரவில்லை. கிண்ணத்தைத் தூக்குவது அவ்வளவு பாரமில்லை.

ட்ரெட்மில்லை விற்றுவிடுங்கள். பார்க்கும்போதெல்லாம் உங்களைக் குறை சொல்லும் ஒரு பொருள் வீட்டில் எதற்கு?

மருத்துவராகச் சில விஷயங்கள். உங்கள் வயதில் மாதவிடாய்ப் போக்கு அதிகமாக இருந்தால் ரத்தசோகை சத்தமில்லாமல் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு இருக்கும்போது ஹெச்பிஏ1சி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் ஹீமோகுளோபினையும், களைப்பு இருந்தால் தைராய்டையும் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரையை வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்ப்பது நல்லது. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்வது அதனால்தான். ஒரு மாதத்திலேயே போய்ப் பார்த்துவிட்டு மனம் தளராதீர்கள், மூன்று மாதம் விட்டுப் பாருங்கள். நடுவில் தாகமும் சிறுநீரும் அதிகமானாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். அப்பாவுக்கு இருந்ததால் உங்கள் கணக்கில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், மாத்திரை தேவையா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார்.

நாளைக் காலை பொரியல் இறங்கியதும் முதல் இரண்டு கரண்டி உங்கள் கிண்ணத்துக்கு. மாமியார் என்ன என்று கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். அவருக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள், அவரும் பல வருடம் கடைசியில் சாப்பிட்டவராகத்தான் இருப்பார்.